கறுத்த நீரும் கரடிக் காலடியும்

சதுப்பு என்றதும் நம் தோட்டத்துக்காரர்களுக்கு நினைவு வருவது அட்டையும் கொசுவும்தான். முழங்கால் வரை சேறு. எடுத்து வைத்த கால் திரும்ப வருமா என்ற கவலை. அங்கே உலாவப் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைப்போம்.

ஆனாலும் வாசகர்களே, இந்த மாதம் உங்களை ஒரு சதுப்புக்குத்தான் அழைத்துப் போகப் போகிறேன். பயம் வேண்டாம். நாம் போவது குளிர்காலத்தில். கொசு இருக்காது. பாம்புகள் பொந்துக்குள் சுருண்டு கிடக்கும். கேமரன் மலையில் விடிகாலையில் பல் கிட்டுமே, அதை இரண்டு மடங்காக்கிக் கொள்ளுங்கள். அதுதான் அங்கே ஜனவரி மாதம்.

இடம் அமெரிக்கா. வர்ஜீனியா, வட கரோலினா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் கிடக்கிறது ‘கிரேட் டிஸ்மல் ஸ்வாம்ப்’. டிஸ்மல் என்றால் மனத்தைச் சோர வைப்பது என்று பொருள். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். பெயர் வைத்தவர்களுக்கு அது சோர்வு தந்திருக்கலாம். எல்லாருக்கும் அப்படி இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இன்று 112,000 ஏக்கருக்கு மேல் அரசாங்கப் பாதுகாப்பில் இருக்கும் காடு இது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கடையில் ‘தே ஓ’ கேட்டால் வருமே, அந்த நிறம். இலையும் பட்டையும் ஊறி ஊறி இறங்கிய சாயம். அழுக்கு அல்ல. அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் இந்த நீரைத்தான் பீப்பாயில் நிரப்பிக்கொண்டு கடலுக்குப் போவார்களாம்; புளிப்புத் தன்மை இருப்பதால் சீக்கிரம் கெடாது. நடுக்காட்டில் டிரம்மண்ட் என்றொரு ஏரி. சுமார் 3,100 ஏக்கர் பரப்பு. ஆழமோ ஓர் ஆள் உயரம்தான். குளிர்காலத்தில் வடதுருவப் பக்கமிருந்து வெள்ளை அன்னங்களும் வாத்துகளும் வந்து அங்கே இறங்கும். கறுப்புத் தண்ணீரில் வெள்ளைப் பறவை! நம் கண்ணுக்குப் பழக்கமில்லாத காட்சி.

ஏரிக்குள்ளேயே நிற்கின்றன சைப்பிரஸ் மரங்கள். ஊசியிலை மரம் என்றால் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் என்று படித்திருப்பீர்கள். இது விதிவிலக்கு. நம் ரப்பர் மரம் ஆண்டுக்கொரு முறை இலை உதிர்த்து நிற்கிறதல்லவா, அதுபோல இதுவும் குளிர்காலத்தில் மொட்டையாகிவிடும். அதனால் ‘மொட்டை சைப்பிரஸ்’ என்றே பெயர். அடிமரம் பானை போலப் பருத்திருக்கும். சுற்றிலும் தண்ணீருக்கு மேலே முட்டி முட்டியாக வேர்கள் எழுந்து நிற்கும். அந்த ஊர்க்காரர்களும் அதை முழங்கால் என்றுதான் சொல்கிறார்கள். கிள்ளான், கோல சிலாங்கூர் பக்கத்து அலையாத்திக் காடுகளில் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக வேர் நீட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு விளங்கும். நம்மூர் வேர் காற்று வாங்குவதற்கு. சைப்பிரஸ் முழங்கால் எதற்கு என்பதில் மட்டும் படித்தவர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. காற்றுக்கு என்கிறார் ஒருவர்; குழைச்சேற்றில் மரம் சாயாமலிருக்க என்கிறார் இன்னொருவர்.

கிழட்டு மரங்களைப் பார்க்க வேண்டுமானால் அதே வட கரோலினாவில் இன்னும் தெற்கே, பிளாக் ரிவர் என்ற ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சைப்பிரசுக்கு வயது குறைந்தது 2,624 என்று 2019இல் அறிவித்தார்கள். வள்ளுவர் குறள் எழுதுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே முளைத்த மரம்! வெட்டிப் பார்த்து எண்ணவில்லை. சன்னமான துளையிட்டு, உள்ளிருந்து ஒரு குச்சியளவு மரத்தை உருவி, வளையங்களை எண்ணுகிறார்கள். மரத்துக்குச் சேதமில்லை. பட்டை காயப்படாமல் பால் வெட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கைப்பக்குவத்தின் அருமை தெரியும். சரி, அத்தனை ஆண்டு கோடரிக்குத் தப்பியது எப்படி? உள்ளே கூடு விழுந்து, முறுக்கிக்கொண்டு, உச்சி முறிந்து, பலகைக்கு உதவாத மரங்கள் அவை. நேராக வளர்ந்த அழகு மரங்களெல்லாம் ஆலைக்குப் போய்விட்டன.

இப்போது தரையைப் பார்த்து நடப்போம். இலை உதிர்ந்த காலத்தில் காட்டுக்குள் வெளிச்சம் விழுகிறது. ஈர மண்ணில் இரவு நடந்தவர்களின் அடையாளம் அப்படியே இருக்கிறது. இரண்டு பிளவாக, முன்பக்கம் கூராக இருந்தால் மான். நாலு விரல், வட்டம், நகம் பதியவில்லை என்றால் அது பாப்கேட் என்ற காட்டுப்பூனை. பூனைச் சாதி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். நம் காட்டுப் புலிக்கும் அதே வழக்கம்தான். நாய், நரிக்கு நகம் தெரியும். சின்னக் குழந்தை உள்ளங்கையை அழுத்தியதுபோல ஐந்து விரல் இருந்தால் ரக்கூன். கரையில் வழுக்கி இறங்கிய தடம் இருந்தால் நீர்நாய். அதற்கு அது விளையாட்டு.

கரடியின் பின்னங்கால் தடம்தான் நம்மைத் திடுக்கிட வைக்கும். வெறுங்காலோடு ஒரு மனிதர் நடந்து போனதுபோலவே இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம்: நமக்குப் பெருவிரல் உட்பக்கம்; கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். குளிர் கடுமையாக இல்லாத நாள்களில் இந்தக் கறுப்புக் கரடிகள் குளிர்காலத்திலும் எழுந்து நடமாடும்.

ஆனால் இந்தக் காட்டில் மெய்யாகவே மனிதர்கள் வெறுங்காலோடு நடந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். புகையிலைத் தோட்டங்களிலிருந்து தப்பி, துப்பாக்கியும் வேட்டை நாயும் பின்தொடர முடியாத இடம் தேடி இந்தச் சதுப்புக்குள் புகுந்தார்கள். 1700களின் தொடக்கத்திலிருந்து, 1865இல் அடிமை முறை ஒழியும் வரை, நடுக்காட்டில் கொஞ்சம் மேடான திட்டுகளில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்களும் உண்டு. எத்தனை பேர் என்று எண்ணி எழுதி வைத்தவர் யாருமில்லை. எழுதி வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போயிருப்பார்களே!

டேனியல் சேயர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2000களில் அந்தத் திட்டுகளைத் தோண்டத் தொடங்கினார். கிடைத்ததெல்லாம் உள்ளங்கையில் அடங்கும்: மண் சுங்கான் துண்டு, கல் சில்லு, கம்பம் நட்ட குழியின் கறை. வெளியிலிருந்து அதிகம் எதையும் வாங்காமல், முன்னே அங்கிருந்த செவ்விந்தியர்கள் விட்டுப்போன கற்கருவிகளைத் தேடியெடுத்துத் தீட்டிப் பிழைத்திருக்கிறார்கள்.

காட்டு ஓரத்தில் இன்னொரு கூட்டம் வேலை செய்தது. சீடார் மரத்தை அறுத்துக் கூரைப் பலகை செய்யும் அடிமைகள். முதலாளி எத்தனை பலகை கேட்கிறாரோ அத்தனையும் கணக்குக் காட்ட வேண்டும். ஒளிந்திருந்தவர்கள் இரவில் வந்து அவர்களுக்குப் பலகை வெட்டிக் கொடுத்து, உணவும் துணியும் வாங்கிப் போவார்கள். கணக்கு ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது. அப்பா பெயரில் பிள்ளைகளும் மங்கு துடைத்து ஒட்டுப்பால் பொறுக்கிய நம் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மோசஸ் கிராண்டி என்ற ஒருவர் மட்டும் தன் கதையைச் சொல்லி, அது 1843இல் லண்டனில் புத்தகமாக வந்தது. இந்தச் சதுப்பின் கால்வாயில் மரம் ஏற்றிய படகோட்டி அவர். அடிமை. சிறுகச் சிறுகச் சேர்த்து 600 டாலர் கொடுத்துத் தன் விடுதலையை வாங்கினார். பணத்தை வாங்கிக்கொண்ட எசமான் அவரை வேறொருவருக்கு விற்றுவிட்டான். மறுபடி 600 டாலர் சேர்த்தார். இரண்டாவது எசமானும் ஏமாற்றினான். மூன்றாவது முறை நேர்மையான ஒரு கப்பல்காரர் கைகொடுத்ததால் கரையேறினார். இடையில் நோயில் விழுந்தபோது போக்கிடம் இல்லாமல் ஏரிக்கரையில் குடிசை போட்டுக் கிடந்தார். கொஞ்சம் தெம்பு வந்த நாளெல்லாம் மரம் வெட்டினார். பிறகு மனைவியையும் ஒரு மகனையும் பணம் கொடுத்து மீட்டார். வேறு பிள்ளைகள் எங்கெங்கோ விற்கப்பட்டிருந்தார்கள்.

கால்வாய்கள் வந்த கதையும் அப்படியே. 1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் (பின்னாளில் முதல் ஜனாதிபதி ஆனாரே, அவர்தான்) கூட்டாளிகளோடு ஒரு கம்பெனி சேர்த்து, சதுப்பை வடித்து விளைநிலம் ஆக்கப் பார்த்தார். அவர் பெயரில் ஒரு வாய்க்கால் இன்றும் இருக்கிறது. 1793இல் 22 மைல் கப்பல் கால்வாய் தொடங்கி 1805இல் திறந்தார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று வேரை அறுத்து எல்லாவற்றையும் தோண்டியவர்கள் அடிமைகள். விளைநிலம் திட்டமிட்டபடி வரவில்லை. தண்ணீர் மட்டும் வடிந்துகொண்டே இருந்தது.

அதன் விளைவு நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அங்கே தரை, மட்கிய இலையும் வேரும் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண். மலாய்க்காரர்கள் ‘தானா கம்புட்’ என்பார்களே, அந்த வகை. ஈரம் இருக்கும்வரை சாது. காய்ந்தால் விறகு. 2011 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பற்றிய தீ 111 நாள் எரிந்தது. அதே மாதம் பெரிய புயல் மழை கொட்டியும் மண்ணுக்கடியில் கனன்ற நெருப்பு அணையவில்லை. 1997இலும் 2015இலும் சுமத்ரா, போர்னியோ கம்புட் காடுகள் எரிந்து நாம் புகைமூட்டத்தில் இருமியதும் பள்ளிக்கூடங்களை மூடியதும் இதே கணக்குத்தான்.

1973இல் ஒரு காகிதக் கம்பெனி சுமார் 49,000 ஏக்கரைத் தானமாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அரசாங்கம் சரணாலயம் அமைத்தது. தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்த காடு என்ற அடையாளமும் 2003இல் அதற்குக் கிடைத்தது. இப்போது பழைய வாய்க்கால்களில் ஆங்காங்கே மதகு கட்டி, தண்ணீரை வெளியே விடாமல் தேக்குகிறார்கள். வடிப்பதற்காகத் தோண்டிய அதே வாய்க்கால்களின் கரைமேல்தான் நடைபாதையும் போகிறது. கரடிகளும் அதையே பாதையாக வைத்துக்கொண்டிருக்கின்றன.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. மழை விட்ட மறுநாள் காலை செம்பனைக் காட்டு மண்சாலையில் அப்பா அம்மாவோடு போய், பதிந்திருக்கும் தடங்களைத் தாளில் வரைந்து வையுங்கள். நகம் தெரிகிறதா, எத்தனை விரல், குளம்பு என்றால் பின்னால் இரண்டு சின்னப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி இருந்தால் அநேகமாகக் காட்டுப்பன்றி. அப்படியே வீடு திரும்புங்கள்; பின்தொடர்ந்து போக வேண்டாம்.