வழியை ஃபைலில் எழுதி வையுங்கள்

ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய லைப்ரரியை எந்த டைரக்டரியில் போய்த் தேட வேண்டும்? அந்த வழியை எங்கே எழுதி வைப்பது? இதற்கெல்லாமா ஒரு கட்டுரை என்று கேட்பீர்கள். ரிட்டயர்டு ஆசாமிக்குப் பொழுது போகவில்லை என்றும் நினைப்பீர்கள். வருடக்கணக்காக கம்ப்யூட்டர் பிரிவில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தச் சின்ன விஷயத்தில் காட்டும் அலட்சியத்தால் நம்மைப் போன்றவர்களின் பென்ஷன் பில்லே நின்று போகும். நின்றும் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே லைப்ரரி என்பது புத்தகம் அடுக்கிய நூலகம் அல்ல. தேதிக் கணக்கு பார்ப்பது, அச்சு எடுப்பது, டேட்டாபேஸிலிருந்து விவரம் கொண்டு வருவது போன்ற வேலைகள் பல புரோகிராம்களுக்கும் பொதுவானவை. ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழுதாமல், தனி ஃபைலாக ஒரே இடத்தில் வைத்துவிடுவார்கள். கல்யாண வீட்டுக்கு அண்டா, குண்டான் வாடகைக்கு எடுப்பது போலத்தான். எல்லார் வீட்டிலும் அண்டா இருக்க வேண்டியதில்லை, பாத்திரக்கடையில் இருந்தால் போதும். ஆனால் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று சமையற்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் இந்தத் தெருவைச் சொல்லிக் கொடுக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, எட்சி என்ற டைரக்டரியில் இருக்கும் எல்டி.எஸ்ஓ.கான்ஃப் என்ற ஃபைல். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். வரிக்கு ஒரு டைரக்டரி பெயர். இவ்வளவுதான் அதன் இலக்கணம். பெயர்களை எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தால், எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை தயாராகிவிடும். அதன் பிறகு யார் லாகின் செய்தாலும், ராத்திரி ஆளில்லாத நேரத்தில் மெஷினே தானாக ஒரு வேலையை ஆரம்பித்தாலும், அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் தேடும்.

இரண்டாவது வழி, எல்டி லைப்ரரி பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிள். லாகின் செய்தவரின் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைப்பது மாதிரி. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். நிர்வாகியின் அனுமதி வேண்டாம். அவசரத்துக்கு அருமையான வழி. ஆனால் நம் ஊரில் அவசரத்துக்குப் போட்ட கொட்டகை என்றைக்குப் பிரிக்கப்பட்டிருக்கிறது?

என் சண்டை இந்த இரண்டாவது வழியோடுதான்.

ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். பென்ஷன் பில் போடும் புரோகிராமை நிறுவியவர் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் லைப்ரரி இருக்கும் வழியைத் தன் சொந்த லாகினின் ஆரம்ப ஃபைலில் எழுதி வைத்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய லாகினிலேயே, அவருடைய பாஸ்வேர்டிலேயே மாதாமாதம் பில் போட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் ஆடிட் ஆட்சேபணை வந்தது. ஓய்வு பெற்றவரின் லாகினை நீக்கினார்கள். அது சரியான காரியம்தான். அடுத்த மாதம் வேறு லாகினில் பில் போட உட்கார்ந்தால், லைப்ரரி ஃபைலைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். ஃபைலோ டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது! புரோகிராமை அழித்துவிட்டு இரண்டு முறை திரும்ப ஏற்றினார்கள். பிரயோஜனமில்லை. பழைய பேக்கப் டேப்பிலிருந்து அந்த மனிதரின் டைரக்டரியை எடுத்து நாங்கள் வரி வரியாகப் படித்துப் பார்க்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் கவுண்டரில் வந்து நின்ற வயசானவர்களுக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு லைப்ரரியும் தெரியாது, வேரியபிளும் தெரியாது. மாத்திரை வாங்கப் பணம் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

வழி ஃபைலில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லாகின் போனாலும் வழி போயிருக்காது. வித்தியாசம் இவ்வளவுதான்.

புரோகிராம் நின்று போவதாவது பரவாயில்லை, நின்றுவிட்டது என்று தெரியும். இந்த வேரியபிளில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதில் சொன்ன இடங்களைத்தான், சிஸ்டத்தின் பொது அட்டவணைக்கும் முன்னால் தேடுவார்கள். அதுவும் ஒரு புரோகிராமுக்கு மட்டும் அல்ல, அந்த லாகினிலிருந்து கிளம்பும் அத்தனை புரோகிராம்களுக்கும். அங்கே அதே பெயரில் பழைய லைப்ரரி ஒன்று கிடந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். புரோகிராம் ஓடும், முறைக்காது. ஆனால் என்ன செய்கிறது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. ராமுவின் லாகினில் ஒரு மாதிரியும் சோமுவின் லாகினில் வேறு மாதிரியும் நடந்தால், அதைக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ராத்திரி தானாக ஓடும் கிரான் வேலைகளுக்கோ இந்த ரகசியம் தெரியவே தெரியாது. கிரான் யாருடைய லாகின் ஆரம்ப ஃபைலையும் படிப்பதில்லை. பகலில் ஓடும் புரோகிராம் ராத்திரியில் படுத்துக்கொள்ளும் மர்மத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்புக்கு வருகிறேன். அந்த வேரியபிளில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டால், இப்போது எந்த டைரக்டரியில் இருக்கிறீர்களோ அங்கேயும் தேடு என்று அர்த்தம். கைதவறி விழுந்த ஒரு புள்ளிக்கு இவ்வளவு அர்த்தம்! எவனாவது அங்கே அதே பெயரில் விஷ லைப்ரரி ஒன்றைப் போட்டு வைத்தால் கதை முடிந்தது. இது கற்பனை இல்லை. விண்டோஸிலும் இதே வகைக் கோளாறு உண்டு. 2010 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இதைப் பற்றிப் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது. லினக்ஸில் உயர்ந்த அதிகாரத்தோடு ஓடும் செட்யூஐடி புரோகிராம்கள் என்று ஒரு ஜாதி உண்டு. அவை ஓடும்போது இந்த வேரியபிளில் சொன்ன வழிகளை லோடர் ஏற்றுக்கொள்வதில்லை. அதைச் செய்தவர்களே முக்கியமான இடத்தில் நம்பாத ஒன்றை நாம் ஏன் பென்ஷன் பில்லுக்கு நம்ப வேண்டும்?

டாஸ் காலத்தில் நமக்கு இந்தத் தெளிவு இருந்தது. ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற ஃபைலைத் திறந்தால் பாத் என்று ஆரம்பிக்கும் வரி கண்ணில் படும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் படிக்கலாம், பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கலாம். விண்டோஸ் 95 வந்தபோது இப்படி டெக்ஸ்ட் ஃபைல்களில் இருந்த பல செட்டிங்குகள் ரெஜிஸ்ட்ரி என்ற பெட்டகத்துக்குள் போய்விட்டன. பெட்டகம் பெரியது, கம்பீரமானது. ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து மேலிருந்து கீழே படிக்கக்கூடிய பொருள் அல்ல.

இளைஞர்கள் மூன்று பதில் சொல்வார்கள். மூன்றையும் கேட்டிருக்கிறேன்.

எட்சி டைரக்டரியில் கை வைக்க எங்களுக்கு அனுமதி இல்லையே சார் என்பது முதல் பதில். நியாயம்தான். அப்படியானால் புரோகிராமைக் கிளப்புவதற்கென்று சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, அதற்குள் வழியைச் சொல்லி, புரோகிராமுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அதுவும் ஒரு ஃபைல்தானே! உங்கள் சொந்த லாகினுக்குள் ஒளித்து வைக்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பொது ஃபைலில் ஒரு வழியைச் சேர்த்தால் அது மெஷின் முழுவதையும் பாதிக்குமே என்பது இரண்டாவது. உண்மைதான். அதனால்தான் பெரும்பாலான லினக்ஸ்களில் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்று ஒரு டைரக்டரியே இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனியாக ஒரு குட்டி ஃபைல் போடலாம். மென்பொருள் வேண்டாம் என்றால் அதை மட்டும் அழித்துவிட்டு எல்டிகான்ஃபிக்கை இன்னொரு தடவை ஓட்டினால் தீர்ந்தது. தவிர, எல்லாரையும் பாதிக்கும் காரியத்தை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் செய்வதுதான் முறை.

இப்போது எல்லாம் கன்டெய்னர் சார், உங்கள் காலம் போய்விட்டது என்பது மூன்றாவது. போகட்டும். அந்தக் கன்டெய்னருக்குள்ளும் ஒரு லினக்ஸ்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் வழி சொல்ல வேண்டும். அதைக் கட்டும்போது ஒரு ஃபைலில் எழுதித்தானே கட்டுகிறீர்கள்? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஃபைலில் எழுதிவிட்டால் மட்டும் போதாது, ஏன் எழுதினோம் என்பதையும் எழுத வேண்டும். எல்டி.எஸ்ஓ.கான்ஃப் ஃபைலில் வேலிக்குறி போட்டு ஆரம்பிக்கும் வரியை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. அது மனிதர்களுக்காக விட்டு வைத்த இடம். எந்தத் தேதியில், எந்தப் புரோகிராமுக்காக, யார் சொல்லி இந்த வழி சேர்க்கப்பட்டது என்று அங்கே ஒரே வரி எழுதுங்கள். அரை நிமிஷ வேலை. நமக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவரை நாம் பார்த்திருக்க மாட்டோம். அவரோடு பேச நமக்கு இருக்கும் ஒரே இடம் அதுதான்.

இதைப் படிப்பவர்களில் பலருடைய பிள்ளையோ மருமகளோ இந்தத் துறையில்தான் இருப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரித்த பிறகு இதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நீ நாளைக்கே வேலையை விட்டுப் போனால், உன் புரோகிராமுக்கு லைப்ரரி எங்கே இருக்கிறது என்று அடுத்தவருக்கு எந்த ஃபைலைப் பார்த்துத் தெரியும்? சட்டென்று ஒரு ஃபைல் பெயர் சொன்னால் சந்தோஷம். அதெல்லாம் என் லாகினில் இருக்கிறதப்பா என்று பதில் வந்தால், திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அதை வெளியே எடுத்து எழுதச் சொல்லுங்கள்.