கொதிக்கும் எஞ்சினுக்கு என்ன மருந்து?



வளைகுடா நாடொன்றில் பணியாற்றும் சகோதரர் ஒருவர் எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியுள்ளார். பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார் ஒன்றை வாங்கி, அதில் டர்போ பொருத்தி, விடுமுறை நாட்களில் பந்தயப் பாதையில் ஓட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. நான்கு சுற்று முடிவதற்குள் நீர் கொதித்துவிடுகிறதாம். சென்ற ஆண்டு சிலிண்டர் ஹெட் வளைந்து, இரண்டு மாதச் சம்பளம் அதிலேயே கரைந்தது. பெரிய ரேடியேட்டர் போட்டும் பயனில்லை. இன்னும் பெரியது போடுங்கள் என்கிறார் மெக்கானிக். காரை விற்றுவிடுங்கள் என்கிறார் மனைவி. "யார் சொல்வதைக் கேட்பது?" என்று வினவுகிறார் சகோதரர்.

கணவன் மனைவிக்கு இடையே தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் எஞ்சின் ஏன் கொதிக்கிறது என்பது, வீட்டில் கார் வைத்திருக்கும் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஆகவே அவருக்கு எழுதும் விடையை உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறோம்.

வெப்பத்தின் கணக்கு

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு எஞ்சினின் உடலில் தங்கிவிடுகிறது. அதனை நீரும் எண்ணெயும் சுமந்து சென்று காற்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

டர்போ பொருத்தி எஞ்சினின் வலுவை இரு மடங்காக்கினால், வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறத்தாழ இரு மடங்காகிறது. சாலையில் நாம் முழு வலுவையும் பயன்படுத்துவது சில விநாடிகள் மட்டுமே. பந்தயப் பாதையிலோ ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பகுதி நேரம் முழு வலுவும் வேண்டப்படுகிறது. சாலையில் சாதுவாக ஓடும் கார் பந்தயப் பாதையில் கொதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீரின் வெப்பத்திற்கும் காற்றின் வெப்பத்திற்கும் உள்ள வேறுபாடே ரேடியேட்டரின் மூலதனம். நீர் 95 பாகையிலும் காற்று 25 பாகையிலும் இருந்தால் வேறுபாடு 70 பாகை. பாலைவன வெயிலில் காற்று 45 பாகையாகும்போது அது 50 பாகையாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பொருளையும் மாற்றாமலேயே ரேடியேட்டரின் திறனில் ஏறத்தாழ 30 விழுக்காடு பறிபோகிறது.

பின்வரிசையில் தாகம்

இனி இந்தக் காருக்கே உரிய செய்திக்கு வருவோம். எம்.எக்ஸ்-5 கார் 1989ஆம் ஆண்டு சிகாகோ கார்க் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமானது. 2016ஆம் ஆண்டிற்குள் பத்து இலட்சம் கார்கள் தயாராகிவிட்டன. தொடக்க காலக் கார்களில் வைக்கப்பட்ட எஞ்சின், மாஸ்டா 323 போன்ற கார்களில் பயன்பட்ட எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. 323 முன்சக்கரங்களால் இயங்கும் கார். அதில் எஞ்சின் குறுக்கு வாட்டில் அமர்ந்திருக்கும். நீர் ஒரு முனையில் பம்ப் வழியாக நுழைந்து, நான்கு சிலிண்டர்களையும் தழுவிச் சென்று, மறுமுனையில் வெளியேறும்.

எம்.எக்ஸ்-5 காரில் அதே எஞ்சின் நெடுக்கு வாட்டில் திருப்பி வைக்கப்பட்டது. நீர் வெளியேற வேண்டிய முனை பயணிகள் அறையின் சுவரை ஒட்டி அமைந்துவிட்டது. ஆகவே தெர்மோஸ்டாட்டும் வெளியேறும் வழியும் முன்பக்கத்திற்கு மாற்றப்பட்டன. நீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே பெருமளவு வெளியேறிவிடுகிறது. கடைசியில் நிற்கும் நான்காவது சிலிண்டரின் பக்கம் செல்வது, காருக்குள் வெப்பமூட்டும் ஹீட்டருக்காகப் பின்னால் பிரியும் சிறு ஓட்டமே.

பந்தியில் முன்வரிசையிலேயே சோறு தீர்ந்துவிட்டால் பின்வரிசையில் அமர்ந்தவர் நிலை என்னவாகும்? அதுதான் அந்த நான்காவது சிலிண்டரின் நிலை. சாலைப் பயன்பாட்டிற்கு அந்தச் சிறு ஓட்டம் போதுமானது. இலட்சக்கணக்கான கார்கள் குறையின்றி ஓடியமையே அதற்குச் சான்று. வலுவைப் பெருக்கி இடைவிடாது விரட்டும்போதுதான் குறை வெளிப்படுகிறது. ரேடியேட்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும், குளிர்ந்த நீர் பின்வரிசைக்குச் செல்லாவிட்டால் பயன் குறைவே.

இக்காரைப் பந்தயப் பாதையில் ஓட்டுவோர் பலர் கண்ட தீர்வு, தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்முனைக்கு மாற்றி, முன் வழியை அடைத்து, பின்னாலிருந்து ரேடியேட்டருக்குக் குழாய் இழுப்பதாகும். நீர் மீண்டும் முனைக்கு முனை ஓடுகிறது. இம்மாற்றத்தைச் செய்யாமல் ஹீட்டர் குழாயை மட்டும் அடைத்துவிடுவோர் உண்டு. அது பின்வரிசைக்குக் கிடைத்த அரை வயிற்றுச் சோற்றையும் பறிப்பதற்கு ஒப்பாகும்.

காற்றுக்கு வழி விடுக

ரேடியேட்டரின் முன்னே காற்று வந்தால் போதாது. அது ரேடியேட்டருக்குள் புகுந்தாக வேண்டும். காற்று எளிய வழியையே நாடும். ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளி இருந்தால் அவ்வழியே நழுவிச் சென்றுவிடும். காரின் முகப்புத் துவாரத்திலிருந்து ரேடியேட்டரின் ஓரங்கள் வரை அலுமினியத் தகடும் நுரைப் பட்டையும் கொண்டு இடைவெளிகளை மூடுவது சில நூறு ரூபாயில் முடியும் வேலை. பெரிய ரேடியேட்டர் வாங்கியவர்கள் பலர் இதனைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

முகப்புத் துவாரம் ரேடியேட்டர் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சிறிய வாயில் புகுந்த காற்று படிப்படியாக அகலும் கூண்டில் வேகம் தணிந்து அழுத்தம் பெறுகிறது. ரேடியேட்டர் முழுவதும் பரவுகிறது. இக்கருத்து புதியதன்று. பிரிட்டனில் மெரிடித் என்னும் பொறியாளர் 1935இல் விமான ரேடியேட்டர்களுக்காக இதனை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்டாங் விமானத்தின் அடிவயிற்றில் இருந்த காற்றுக் கூண்டு இத்தத்துவத்தைத் தழுவியதே.

உள்ளே வந்த காற்று வெளியேறவும் வேண்டும். சிலர் பானெட்டின் பின்விளிம்பைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். கார் விரையும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் மிகுதி. அங்கே திறந்தால் வெளிக்காற்று உள்ளே தள்ளப்படலாமேயன்றி வெப்பக்காற்று வெளியேறாது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் அழுத்தம் குறைவு. துவாரம் இடுவதாயின் அங்கே இடுவதே முறை.

மின்விசிறியைப் பற்றியும் ஒரு சொல். கார் நிற்கும்போது கொதித்து, ஓடும்போது தணிந்தால் விசிறியைச் சோதியுங்கள். நிற்கும்போது நன்றாயிருந்து, விரையும்போது கொதித்தால் விசிறியின் மீது பழி போடாதீர்கள். குறை காற்று வழியிலோ, நீரோட்டத்திலோ, கேஸ்கட்டிலோ இருக்கும்.

நீரும் எண்ணெயும்

கூலண்ட் என்பது பெரும்பாலும் நீரும் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளும் கலந்தது. கிளைக்கால் உறைநிலையைத் தாழ்த்தும். கொதிநிலையைச் சிறிது உயர்த்தும். ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் தூய நீருக்கு நிகராகாது. பனியில்லாத நாட்டில் கிளைக்காலின் அளவைக் குறைத்து, வாலை வடித்த நீரையும் துருத்தடுப்பு மருந்தையும் சேர்த்துக்கொள்வது பந்தயப் பாதைக்கு ஏற்றது. கிளைக்கால் சிந்தினால் பாதை வழுக்கும் என்பதால் பல பந்தயப் பாதைகளில் அதற்குத் தடையே உண்டு.

ரேடியேட்டர் மூடியை அற்பமாக எண்ணாதீர்கள். நீர் திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும். மூடி ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கிப் பிடித்தால் 120 பாகை வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்த 20 பாகைப் பாதுகாப்பும் போயிற்று.

எண்ணெயின் வெப்பத்தையும் அளக்க வேண்டும். 90 முதல் 110 பாகை வரை அதற்கு நலம். 130 பாகையைத் தாண்டினால் எண்ணெய் நீர்த்து, தாங்கிகளைக் காக்கும் வலுவை இழக்கத் தொடங்கும். டர்போ பொருத்திய காருக்குத் தனி எண்ணெய்க் குளிர்விப்பான் அவசியம். அது நீரின் சுமையையும் குறைக்கும்.

காரோடு வந்த வெப்பமானியை முழுதும் நம்ப வேண்டா. பல கார்களில் முள் நெடுநேரம் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. அது அசையும்போது காலம் கடந்திருக்கும். நீர் வற்றிவிட்டால், உணரும் கருவி நீராவியில் நின்று குறைத்துக் காட்டுவதும் உண்டு. எண்களில் காட்டும் தனி வெப்பமானியும், அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் வாங்குவது நல்ல செலவு.

சகோதரருக்கு நம் விடை

முதலில் வெப்பமானியைச் சரி செய்யுங்கள். அடுத்து, ஹெட் ஒருமுறை வளைந்த எஞ்சின் ஆதலால், எரிந்த வாயு கூலண்டில் கலக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கேஸ்கட்டில் கசிவிருந்தால் வேறெதைச் செய்தும் பயனில்லை. டர்போவிற்கேற்ப எரிபொருளும் தீப்பொறி நேரமும் திருத்தப்பட்டனவா என்றும் பாருங்கள். பின்னர், முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்றுங்கள். இடைவெளிகளை அடையுங்கள், மூடியை மாற்றுங்கள். நீரோட்டத்தைப் பின்முனைக்கு மாற்றுங்கள். எண்ணெய்க் குளிர்விப்பான் பொருத்துங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கொதித்தால் மட்டுமே இன்னும் பெரிய ரேடியேட்டர்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். அது எஞ்சின் அடைய வேண்டிய குறைந்த வெப்பத்தைக் காப்பது. முழுதும் திறந்தபின் அதற்குமேல் அதற்கு வேலையில்லை.

முன்செல்லும் காரை ஒட்டியே ஓட்டினால் அதன் வெப்பக்காற்றுதான் உங்களுக்குக் கிடைக்கும். சற்று விலகி ஓட்டுங்கள். முள் உயர்ந்தால் கியரை முன்னதாகவே மாற்றிச் சுழற்சியைக் குறையுங்கள். கடைசிச் சுற்றை நிதானமாக ஓட்டி, வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல் சிறிது நேரம் ஓடவிடுங்கள். டர்போ அப்போதும் கனன்றுகொண்டிருக்கும்.

இறுதியாக, கார் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு வேண்டுகோள். வழியில் எஞ்சின் கொதித்தால் ஓரமாக நிறுத்துங்கள். அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த மறுகணமே கொதித்துச் சீறி முகத்தையும் கையையும் வெந்து போகச் செய்துவிடும். மேல்குழாய் கைக்கு இதமாகும் வரை காத்திருங்கள். அரைமணி நேரத் தாமதம் பெரிதன்று.

சகோதரரே! மேலே கூறியவற்றை வரிசையாகச் செய்து முடித்தபின், காரை வைத்திருப்பதா விற்பதா என்பதை மனைவியோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். இன்னொரு ஹெட் வளைவதற்கு முன் அந்தப் பேச்சு நடந்தால் இருவருக்கும் நல்லது.