சாதனை வேறு, சான்றிதழ் வேறு

யுகேஜி பிள்ளை ஒன்று "உலக சாதனை" படைத்துவிட்டதாக நம் பக்கத்தில் பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். எந்தப் பள்ளி என்று எழுத மாட்டேன். ஒரு பள்ளி மட்டும் செய்கிற காரியம் என்றால் நேரில் போய்ச் சொல்லியிருப்பேன். இப்போது இது ஊருக்கு ஊர் வியாபாரம் ஆகிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நடப்பது இதுதான். ஏதோ ஒரு "உலக சாதனை" நிறுவனத்துக்குப் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். பிள்ளை மேடையேறிக் குறளையோ நாடுகளின் தலைநகரங்களையோ படபடவென்று ஒப்பிக்கிறது. அங்கேயே பதக்கம், சான்றிதழ், சால்வை. அடுத்த வாரம் அட்மிஷன் நோட்டீசில் அந்தப் படம். உலக சாதனையாம்! அந்தப் போட்டியில் அந்தப் பிள்ளையைத் தவிர வேறு ஆளே கிடையாது.

நான் வேகத்துக்கு எதிரி இல்லை. கின்னஸ் புத்தகம் பிறந்ததே வேகம் பற்றிய ஒரு தர்க்கத்தில்தான். 1951-இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன ஹியூ பீவர், ஐரோப்பாவில் மிக வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று நண்பர்களோடு வாதாடினார். விடை சொல்ல ஒரு புத்தகமும் இல்லை. 1955-இல் முதல் பதிப்பு வந்தது. வாதத்தைத் தீர்க்க வந்த புத்தகம் அது. இன்று அதுவும் வியாபாரம்தான், அவசரப் பரிசீலனைக்கு அங்கும் கட்டணம் உண்டு. ஆனாலும் சாதனை என்றால் விதி, அளவு, சாட்சி வேண்டும் என்பதை அது விடவில்லை.

உண்மையான வேக சாதனைகளைப் பாருங்கள். 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டியிருந்தால் அது சாதனைக் கணக்கில் சேர்ந்திருக்காது. அன்று 0.9 தான். 2019-இல் வியன்னாவில் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 2 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். உலகமே கைதட்டியது. ஆனால் வேகம் காட்டி ஓடியவர்கள் முறைவைத்து மாறிமாறி வந்ததால் அது அதிகாரபூர்வ சாதனை ஆகவில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் பி.டி.உஷா 55.42 விநாடி, வெண்கலம் வாங்கியவர் 55.41. விநாடியில் நூறில் ஒரு பங்கு! "பாவம், நம்ம பிள்ளை" என்று யாரும் கூட்டிப் போடவில்லை.

சகுந்தலா தேவி 1980-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களைப் பெருக்கி 28 விநாடியில் விடை சொன்னார். எண்களைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை, அந்தக் கல்லூரியின் கணினித் துறை. குற்றாலீசுவரன் 1994-இல் சிறுவனாக ஒரே ஆண்டில் ஆறு கடற்பகுதிகளை நீந்திக் கடந்தான். அங்கே தேர்வு வைத்தது கடல். கடலுக்குச் சிபாரிசு செல்லாது, இது நம் ராஜாக்கமங்கலம் துறைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி குறள் கணக்குக்கு வருவோம். 1330 குறள், குறளுக்கு ஏழு சீர், மொத்தம் 9310 சீர். அரை மணி நேரத்தில் ஒப்பிப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு குறளுக்கு ஒன்றரை விநாடிகூட இல்லை. விநாடிக்கு ஐந்து சீர். இதில் வள்ளுவர் எங்கே நிற்பார்? கன்னியாகுமரியில் 133 அடியில் நிற்கிறவரை ஒன்றரை விநாடியில் தாண்டி ஓடுவதற்குப் பெயர் கல்வியா?

வாய்ப்பாடு வேகமாக வர வேண்டும், வாசிப்பு சரளமாக வர வேண்டும் என்று நானே வகுப்பில் பாடுபட்டவன். ஆனால் சரளம் என்பது அடுத்த படிக்கு ஏறும் ஏணி. ஏணியையே மெத்தை என்று விற்கிறார்கள்.

"பிள்ளையளுக்கு ஒரு ஊக்கம்தானே சார்?" என்று கேட்கிறார்கள். இல்லை. ஐந்து வயதில் "நீ உலகத்திலேயே முதல்" என்று காசு கொடுத்துச் சொல்லவைத்தால், ஆறாம் வகுப்பில் கணக்கில் நாற்பது மார்க் வாங்கும்போது அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்? இந்த ஆசை முற்றினால் எங்கே போகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2006-இல் ஒடிசாவில் புதியா சிங் என்ற நான்கு வயதுக் குழந்தையைப் பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டர் ஓடவைத்தார்கள். பிறகு அரசே தலையிட்டுத் தடுக்க வேண்டி வந்தது. 2007-இல் மணப்பாறையில் இளம் வயது அறுவைச் சிகிச்சைச் சாதனைக்காக 15 வயது மகன் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். கின்னஸே அதை ஏற்கவில்லை.

நினைவாற்றலுக்கு மரியாதை செய்ய நமக்கு வெளியூர்ப் பதக்கம் எதற்கு? நம் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். சபையில் இருந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், ஈற்றடி கொடுத்தார்கள், அவர் ஒவ்வொன்றையும் கவனத்தில் வைத்து விடை சொன்னார். சபையே தேர்வாளர். மனப்பாடம் மட்டும் வைத்து அந்த மேடையில் ஒரு நிமிடம் நிற்க முடியாது.

பெற்றோருக்குச் சொல்வது இவ்வளவுதான். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கேள்வித்தாளை யார் எடுக்கிறார்? கடிகாரத்தை யார் பிடிக்கிறார்? தோற்றுப்போனால் சான்றிதழ் இல்லை என்று சொல்லும் துணிச்சல் அவர்களுக்கு உண்டா? மூன்றாவது கேள்விக்கு "எல்லாருக்கும் கிடைக்கும் சார்" என்று பதில் வந்தால் பர்ஸை மூடிவிடுங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு ஸ்டாப் வாட்சும் அளவு நாடாவும் வாங்குங்கள். மைதானத்தில் நூறு மீட்டர் அளந்து பிள்ளையை ஓடவிடுங்கள். நேரத்தை நோட்டில் அவனே எழுதட்டும். அடுத்த மாதம் அரை விநாடி குறைந்தால் அது அவன் சாதனை. அதை யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

பணியில் இருக்கும் ஆசிரியர்களே, உங்கள் பள்ளி மேடையை இந்த வியாபாரிகளுக்குத் திறந்துவிடாதீர்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.