தாழ்மை எண்டா வாய்மூடுறதா?

மாங்கேணி தொட்டு மட்டக்களப்பு வரைக்கும் எந்தச் சபைக்குப் போனாலும் எங்களுக்குக் கிடைக்கிற புத்தி ஒண்டுதான்: தாழ்மையா இருங்க பிள்ளைகள், கர்த்தர் பார்த்துக்கொள்வார். காணி பறிபோனாலும் அதே, கூலி குறைச்சாலும் அதே. மீகா 6:8 பாடமில்லாத ஆள் இங்க இல்லை. ஆனால் அந்த வசனத்தில் தாழ்மை மூன்றாவதாகத்தான் வருகிறது. நியாயமும் இரக்கமும் அதற்கு முன்னால் நிற்கின்றன. அந்த இரண்டையும் விழுங்கிவிட்டுப் பிரசங்கிப்பது யாருக்கு வசதி?

இந்த மண்ணிலேயே நடந்து காட்டின ஆக்கள் இருக்காங்க. மட்டக்களப்பு பிரஜைகள் குழுத் தலைவர் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6இல் சுட்டுக் கொல்லப்பட்டார். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் வெளிக்கிட்டவர். அவரும் கூடப்போன தமிழ் இளைஞனும் வந்து சேரவேயில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் எண்டு கதவைச் சாத்தியிருந்தால் தப்பியிருப்பாங்க.

விசாவுக்கு ஜெபிக்கிறவங்க ஜெபிக்கட்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு ரோட்டில நிக்கிற அம்மாக்களோட அடுத்த முறை நாங்களும் நிப்பம். போதகர்மாரும் வரலாம், மைக் இல்லாமல்.