ஆய்வுக்கு முன் வேண்டும் அவதானம்

புறக்கோட்டைக் கடைத்தெருவொன்றில் உள்ள ஆய்வுகூடத்திற்கு, குருதிச் சோதனையின் பொருட்டு ஒருநாட் காலை சென்றிருந்தோம். பணியாளர் வந்து, "கந்தசாமி ஐயாதானே?" என்றார். எம்மருகே இருந்த, செவிப்புலன் மங்கிய முதியவர் தலையசைத்து எழுந்தார். "ஐயாவின் பெயர் கந்தையா" என்று அவர் மகள் ஓடிவந்து தடுத்திராவிடின், ஒருவர் குருதி மற்றொருவர் பெயரால் ஆராயப்பட்டிருக்கும்.

எத்துணைச் சிறந்த பொறியும் தன்னிடம் தரப்பட்டதையே அளக்கும். அது யாருடையது என அறியாது. இத்தாலியின் பதுவா நகர வைத்தியசாலை ஆய்வுகூடம் பற்றிப் பிளெபானி, கராரோ என்னும் இருவர் 1997 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு கண்ட பிழைகளுள் நூற்றுக்கு 68 பங்கு அளவீடு தொடங்குமுன்னரே நேர்ந்தவை.

அவை எவ்வாறு நேர்வன? குருதி நெடுநேரம் பிரிக்கப்படாது கிடப்பின், அதன் கலங்கள் சீனியை உண்டு குறைத்துவிடும். நீரிழிவு இருப்பினும் தெரியாது போகலாம். குழாயைப் பலமாகக் குலுக்கினால் செங்கலங்கள் உடைந்து, பொற்றாசியம் பொய்யாக உயரும். ஊதா மூடிக் குழாயின் உறைதடுப்பு உப்பு வேறு குழாயிற் கலப்பினும் அவ்வாறே. கல்சியமோ குறைந்து காட்டும். இதனாலேயே குழாய்களை நிரப்புதற்கும் வரிசைமுறை வகுத்துள்ளனர்.

இவை யாவற்றினும் பெயர்ப்பிழையே கொடிது என்போம். கலம் உடைந்த குருதியின் தெளிநீர் சிவந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். பெயர் மாறிய குருதியோ குற்றமற்றதாகவே தோன்றும். இரத்தம் ஏற்றும் வேளையில் வகுப்பு மாறின் உயிருக்கே இறுதியாகலாம். எம்மவர்க்கு இவ்விடர் மிகுதி. தந்தை பெயரின் முதலெழுத்தொன்றே பலரைப் பிரித்துக் காட்டுகிறது. அப்பெயரும் தமிழிற் சொல்லப்பட்டு, சிங்களம் பேசும் செவியிற் புகுந்து, ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது.

பரிகாரம் எளிது. "இன்னார்தானே?" என்னாது, "உங்கள் பெயர் என்ன? பிறந்த திகதி என்ன?" என வினவுக. குருதி எடுத்தவுடன், நோயாளர் முன்னிலையிலேயே குழாயில் எழுதுக. நேரமில்லை என்பார்க்கு எம் விடை இது: கேட்க அரை நிமிடம் போதும், கேளாமையின் விலை ஓர் உயிராகவும் ஆகலாம்.

நோயாளராகிய நாமும் வாளா தலையசையாது, பெயரை வாய்விட்டுச் சொல்வோமாக. சுட்டெண் பிழைத்த விடைத்தாள் பிறனுக்கே புள்ளி தேடித்தரும் என்று வகுப்பிற் கற்பித்தோம். வைத்தியராயும் ஆய்வுகூடத்தினராயும் விளங்கும் எம் பழைய மாணவர் அப்பாடத்தை மறவாதிருப்பாராக.