குழாய் இணைப்புகளில் காரீயம்: விதி வந்த பின்னும் எஞ்சும் ஆபத்து

பேச்சு வழக்கில் ஈயம் எனப்படுவது இரு வேறு உலோகங்களைக் குறிக்கும். பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசப்படுவது வெள்ளீயம். உடலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் நச்சு உலோகம் காரீயம்.

காரீயம் மென்மையானது, 327 பாகை செல்சியசில் உருகக்கூடியது. ஆகவே வார்ப்பிரும்புக் குழாய்களின் இணைப்பு இடைவெளியில் சணல் திரியைத் திணித்து, உருக்கிய காரீயத்தை ஊற்றி அடைப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. பின்னர் வந்த பிவிசி குழாய்களிலும், தயாரிப்பின்போது வெப்பத்தால் பிவிசி சிதையாதிருக்கக் காரீய உப்புகள் சேர்க்கப்பட்டன.

இந்திய அரசு 2021ஆம் ஆண்டில் பிவிசி குழாய்களிலும் இணைப்புகளிலும் காரீய நிலைப்படுத்திகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை அறிவித்தது. புதிய குழாய்களைப் பொறுத்தவரை இது முக்கியமான முன்னேற்றம். எனினும், சுவருக்குள்ளும் மண்ணுக்கடியிலும் ஏற்கெனவே உள்ள குழாய்களை இது அகற்றிவிடாது. பித்தளைக் குழாய்முனைகள், பற்றவைப்புகள், பழைய காரீய இணைப்புகள் ஆகியவை பிவிசிக்கான விதிகளின் வரம்பில் அடங்குவனவும் அல்ல.

பழைய குழாய்கள் பல்லாண்டுகள் தீங்கின்றி இருந்தன என்பதும் பாதுகாப்புக்கு உறுதியாகாது. அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரம் மாற்றப்பட்டது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் புதிய நீரில் சேர்க்கப்படவில்லை. குழாய்களின் உட்புறப் பாதுகாப்புப் படலம் கரைந்து, காரீயம் வீடுகளின் குடிநீரில் கலந்தது. குழந்தைகளின் இரத்தத்திலும் அதன் அளவு உயர்ந்தது. குழாய்கள் மாறவில்லை, நீர் மாறியதே போதுமானதாயிற்று. எனவே நீராதாரத்தை மாற்றும் எந்த உள்ளாட்சி அமைப்பும், நீரின் அரிக்கும் தன்மையை முன்னதாகவே ஆராய்வது இன்றியமையாதது.

இரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்கொள்ளும் காரீயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை கூடுதலாக ஈர்க்கக்கூடும். இதனால் மூளை வளர்ச்சியும் கற்கும் திறனும் பாதிக்கப்படுகின்றன. எலும்பில் தங்கிய காரீயம் கர்ப்ப காலத்தில் வெளிப்பட்டுச் சிசுவையும் அடையலாம். பெரியவர்களுக்கு உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படக்கூடும்.

பொதுமக்கள் கவனிக்க வேண்டியவை:

• கொதிக்க வைப்பதால் காரீயம் நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடும்.
• இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாமல், வேறு வேலைகளுக்குப் பயன்படுத்த வேண்டும்.
• பழைய கட்டடங்களில் வசிப்போர் குடிநீரை ஆய்வகத்தில் பரிசோதிப்பது நல்லது. இந்தியத் தர நிர்ணயப்படி காரீயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.
• பழைய இணைப்புகளை வெட்டும், உருக்கும் தொழிலாளர்கள் முகக்கவசம் அணிய வேண்டும். கைகளைக் கழுவிய பின்னரே உண்ண வேண்டும். பணியுடையுடன் வீட்டுக்குச் செல்லக் கூடாது.

காரீய நச்சு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிடப்பட்டது. பணியிடத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட இந்த நச்சு குடிநீரில் நிறமோ மணமோ காட்டுவதில்லை. பரிசோதனை ஒன்றே அதை வெளிப்படுத்தும்.