நகை போட்டோவுக்குப் பெரிய கேமரா வேண்டாம், ஜன்னல் போதும்

வீட்டில் நகை செய்து விற்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். கையிலுள்ள மொபைல் போனும், ஒரு ஜன்னலும், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரும் போதும்.

திண்டுக்கல்லில் என் தங்கை டெரகோட்டா நகை செய்கிறாள். களிமண்ணை உருட்டி, காயவைத்து, சுட்டு, வண்ணம் தீட்டி ஒரு ஜிமிக்கி செட் முடிக்க நாலைந்து நாள் ஆகிவிடும். ஒரு நாள் இரவு, டியூப் லைட்டும் மஞ்சள் பல்பும் எரியும் அறையில் போட்டோ எடுத்து அனுப்பினாள். படத்தில் தெரிந்தது ஆரஞ்சு. வாங்கியவர் கைக்குப் போனது அரக்குச் சிவப்பு. "நான் கேட்ட கலர் இது இல்லை" என்று பார்சல் திரும்பி வந்தது. போக வர கூரியர் செலவு அவள் தலையில். உழைப்பில் குறை இல்லை, போட்டோவில்தான் குறை.

இரண்டு வித விளக்கொளி கலந்தால் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் குழம்பிவிடும். எனவே விளக்குகளை அணைத்துவிட்டு, பகலில் ஜன்னல் ஓரம் எடுங்கள். நேர் வெயில் கூடாது. வடக்கு ஜன்னல் நல்லது என்பார்கள். ஆனால் மே முதல் ஜூலை வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்வதால் அங்கும் வெயில் எட்டிப் பார்க்கும். ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள், வெளிச்சம் பரவலாகிவிடும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் குறையும். கீழே வெள்ளை சார்ட் பேப்பர் விரித்திடுங்கள்.

போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து, டைமரில் எடுத்தால் படம் ஆடாது. மிக அருகே கொண்டு போனால் போகஸ் ஆகாது. சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு கிராப் செய்து கொள்ளலாம். ஒரு படத்தில் மட்டும் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். கம்மலின் அளவு வாங்குபவருக்குப் புரிந்துவிடும்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். படங்களை யு.எஸ்.பி. கேபிள் வழியே காப்பி செய்து, ஒரிஜினலைத் தனி போல்டரில் வைத்திடுங்கள். விண்டோஸ் தரும் பெயிண்ட் புரோகிராமிலேயே கிராப் செய்து, அளவைக் குறைத்து, வேறு பெயரில் சேவ் செய்திடலாம். பிறகு நகையை மானிட்டர் பக்கத்தில் பிடித்து நிறத்தை ஒப்பிடுங்கள். அப்போது நைட் லைட் வசதி ஆனில் இருக்கக் கூடாது. இருந்தால் திரையே மஞ்சளாகத் தெரியும்.

நிறம் சரியாக வந்த பிறகு பில்டர் போட்டு மினுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. "எல்லோரும்தானே செய்கிறார்கள்" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பளபளப்பான படம் ஒரு முறைதான் விற்றுத் தரும். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தைத் தளங்களில் விற்பவர், விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சம்பாதித்தது பொருளின் தரம், படத்தின் மினுமினுப்பு அல்ல.

தங்கை இப்போது காலை பத்து மணிக்கு ஜன்னல் ஓரம்தான் போட்டோ எடுக்கிறாள். கலர் மாறியது என்று அதன் பிறகு ஒரு பார்சலும் திரும்பவில்லை. நாளைக் காலை நீங்களும் ஒரு ஜோடி கம்மலை வைத்து முயன்று பாருங்களேன்!